பிலோமினாவுக்குப் போட்ட தடை

குருநகர்
3.6.2024

மருமகன் றமேஸ் அறிய,

என் அண்ணை யாகப்புவுக்கு வெள்ளிக்கிழமை இருதய ஒப்பரேசன். சொந்தங்கள் எல்லாரும் செபிக்கவேண்டும் என்று நீங்கள் நடத்துகிற குடும்ப மின்னஞ்சலில் எழுதிப்போட்டேன். கனடாவுக்கும் போகவில்லை, பாரிசுக்கும் போகவில்லை. உங்கள் மேசைக்குக் கீழே கிடக்கிற சேர்வர் நித்திரையோ? சொந்தக் கலியாணத்துக்கே பிந்தி வந்தவர் நீங்கள். நான் மறக்கவில்லை.

மாமி பெர்னடெட்

கொக்குவில்
4.6.2024

அன்புள்ள மாமி,

நித்திரை இல்லை, வேலை தாங்காமல் திணறுகிறது. அதன் மூளையான புரொசெசர் நூறு வீதத்திலேயே நிற்கிறது. நிறுத்தித் திரும்பத் தொடக்கினேன், மாறவில்லை. வெளியார் ஆரும் களவாக எங்கள் சேர்வரால் அஞ்சல் அனுப்புகிறார்களோ என்று அந்த வழியை மூடிப்பார்த்தேன், அதுவும் இல்லை.

கடைசியில் பிடித்துவிட்டேன். நீங்கள் கோபித்த ஆட்களுக்கு உங்கள் கடிதம் போகக்கூடாது, அவர்களின் கதை உங்களுக்கு வரக்கூடாது என்று நீங்கள் சொல்லச் சொல்ல நான் போட்ட தடைகள்தான். பெயர், பட்டப்பெயர் எல்லாவற்றையும் சேர்வர் ஒவ்வொரு கடிதத்திலும் எழுத்தெழுத்தாகத் தேடுகிறது. படங்களைக்கூட விடுவதில்லை. கனடாவிலிருந்து ஜெசிதாவின் கலியாண அல்பம் வந்ததிலிருந்து அதற்குள்ளேயே சுழல்கிறது. பிழை நான் எழுதிய விதத்திலும் உண்டு. தடைகளை எடுக்கட்டோ?

றமேஸ்

குருநகர்
5.6.2024

மருமகன்,

மெசின் களைத்ததற்கும் நானோ காரணம்? சரி, எடுங்கள். மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு எனக்குச் சொல்லாத சீலாவையும், இடியப்பத் தட்டைத் திருப்பித் தராத நிமலினியையும் எடுங்கள். நீர்கொழும்பிலிருக்கிற என் தங்கச்சி பிலோமினாவை மட்டும் விடுங்கள். அம்மாவின் மரண அறிவித்தலில் பிள்ளைகள் பெயரைப் போட்டபோது என் பெயரை விட்டவள். பேப்பரில் ஊரே வாசித்தது.

மாமி

கொக்குவில்
6.6.2024 காலை

அன்புள்ள மாமி,

சேர்வர் மூச்சு விடுகிறது. உங்கள் கடிதம் எல்லாருக்கும் போய், பதில்கள் வந்தபடி இருக்கின்றன. சின்ன மாமி பிலோமினாவுக்கு மட்டும் போகவில்லை. நேற்று ஆஸ்பத்திரி வார்ட்டில் உங்கள் அண்ணை என் கையைப் பிடித்துக் கேட்டார்: "தங்கச்சிமார் ரண்டு பேருக்கும் சொல்லியாச்சோ தம்பி?" ஓம் என்று பொய் சொல்லிவிட்டேன். அந்தத் தடையையும் எடுக்கட்டோ?

றமேஸ்

குருநகர்
6.6.2024 பின்னேரம்

மருமகன்,

எடுக்கவேண்டாம். நானே போன் எடுத்தேன்.

"ஆர் கதைக்கிறது?" என்றாள். பெயரைச் சொல்லி, அண்ணைக்கு நாளைக்கு இருதய ஒப்பரேசன் என்றேன். பிறகு, "அண்ணை பயப்பிடுறாரோ?" என்று கேட்டாள். அவர் பயந்த ஆள் என்று எங்கள் இருவருக்கும்தானே தெரியும்.

"ஓம். வா" என்றேன்.

இரவு பஸ்ஸில் வருகிறாள். என் அறையில் இன்னொரு கட்டில் போட்டிருக்கிறேன். தடை அப்படியே இருக்கட்டும். அவளோடு எனக்குக் கோபம் தீரவில்லை.

பெர்னடெட்