நான் பேசித் தீர்த்த உன் இசைத்தட்டு

அன்பு நண்பா,

இன்று காலை குளிருக்குப் போர்த்திக்கொள்ள எதையாவது தேடி அலுமாரியைத் திறந்தேன். பூச்சி உருண்டை மணத்தோடு ஒரு பொன்னாடை காலடியில் விழுந்தது. மேடை மேடையாய்ப் பேசி வாங்கிய பொன்னாடைக்கு என்னிடம் பஞ்சமில்லை. மெல்பேர்ணின் தென்கிழக்கு முழுவதையும் மூடி, மிச்சத்தைச் சிட்னிப் பாலத்துக்கும் போர்த்தலாம். ஆனால் இது உன்னுடையது. நான் உனக்குப் போர்த்தியது. அன்று என் காரின் பின் இருக்கையில் விட்டுவிட்டுப் போனாய். மறந்தாயா, வேண்டாமென்று விட்டாயா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் அடைபட்டு, பிறகு நோபல் பார்க்கில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிவந்தவன் நீ. கிழமை நாட்களில் ஒரு கராஜில் அடிபட்ட கார்களின் நெளிவெடுத்தாய். சனி, ஞாயிறுகளில் அதே கராஜில் இசை. குழாய் திருத்தும் வெள்ளைக்கார நண்பன் சாக்சபோன் ஊதினான், தாதி ஒருத்தி ட்ரம்ஸ் அடித்தாள், நீ பேஸ் கிற்றார். கட்டுக்கடங்காத ஜாஸ், இரும்பை அறுக்கிற மெற்றல், ஜமெய்க்காக்காரரின் எதிரொலி தோய்ந்த டப், மூன்றையும் ஒரே சட்டியில் போட்டு ஒரு இசைத்தட்டு செய்தீர்கள்.

“இதென்ன மச்சான், உள்ளுக்க ஆரையும் கொலை செய்யிறியளோ?” என்று முதல் நாள் கேட்டேன்.

“இன்னும் தொடங்கேல்லை. இருந்து கேளன்.”

“எனக்கு விளங்காது.”

“விளங்கத் தேவையில்லை. இடைக்கிடை சத்தம் ஒண்டுமில்லாம வரும். அந்த இடத்தில நீ கதைக்காம இருந்தாக் காணும்.”

நான் அந்த இடத்தில்தான் கதைத்தேன்.

அந்தச் சாக்சபோன் ஒருமுறை கதறினால் நோபல் பார்க்கின் நாய்களெல்லாம் விசா எடுக்காமலே நியூசிலாந்துக்கு நீந்தும் என்றும், உன் தந்தி ஒன்று அதிர்ந்தால் தாஸ்மேனியா இரண்டு அங்குலம் தெற்கே நகரும் என்றும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். சத்தமெல்லாம் அடங்கிய பிறகு எதிரொலி மட்டும் மெல்லத் தேய்ந்துகொண்டு போகும் வெளிகளைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை. அவற்றில் மிகைப்படுத்த எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு மண்டபம், ஒரு மணி நேரம். “பதினொரு வருசமா மனுசியைக் காணேல்லை. இந்த விசாவில கூப்பிடவும் ஏலாது. நான் இஞ்ச என்ன செய்யிறன் எண்டு ஒருக்கா அவளுக்கு வாசிச்சுக் காட்டோணும். றெக்கோட்டை அனுப்பமாட்டன், முதல் போனில கண்ணால பாக்கட்டும்.”

“வெளியீட்டு விழாவா வைப்பம். என்ர தலைமையில,” என்றேன்.

இரண்டு மணிக்குத் தொடக்கம். ஐந்துக்கு மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். மங்கல விளக்கு, அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, நயவுரை, முதற்பிரதி பெறுதல், பொன்னாடை. புத்தகத்துக்குச் செய்வதையெல்லாம் இசைத்தட்டுக்கும் செய்தோம். நமக்கு வேறு வெளியீடு தெரியாதே. நயவுரை செய்தவர் தட்டைக் கேட்காமலே, அட்டைப்படத்தை மட்டும் வைத்து இருபத்தைந்து நிமிடம் நயந்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. என் தலைமையுரை ஐம்பது நிமிடம். சபை சிரித்தது. அது சிரிக்கச் சிரிக்க எனக்கு இன்னும் ஊறியது. பின்னால் நீங்கள் மூவரும் வாத்தியங்களோடு நின்றீர்கள். மேசையில் பூச்சாடியோடு சாய்த்துவைத்த போனில், நல்ல சேலை உடுத்து, தலையில் பூ வைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து உன் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்துக்குச் சற்று முன் காவலாளி வந்து திறப்புக் கொத்தைக் குலுக்கினான். உன்னை ஏற்புரைக்கு அழைத்தேன். “எல்லாருக்கும் நன்றி. ரோல்ஸ் இருக்காம், சாப்பிட்டுப் போங்கோ,” என்றாய். கிற்றாரை உறைக்குள் வைத்தாய்.

காரில் கேட்டேன், “மனுசி என்ன சொன்னவ?”

“நிறையச் சனம் எண்டு சந்தோசப்பட்டவ.”

“அடுத்த வருசம் இன்னும் பெரிசா வைப்பம். ஓப்பரா ஹவுஸையே எடுப்பம்.”

“ஓம்,” என்றாய்.

அடுத்த வருடம் உனக்கு வரவில்லை. கராஜில், பாதி நெளிவெடுத்த கார்க் கதவின் அருகே, உன் நெஞ்சு நின்றுபோனது.

செத்தவீட்டுக்கு முதல் நாள் அந்தக் குழாய்க்கார நண்பன் என் வாசலுக்கு வந்தான். தட்டின் கடைசித் துண்டை, பத்தொன்பது நிமிடத்தை, அவனும் தாதியும் உனக்கு முன்னால் வாசிக்க வேண்டும் என்றான். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். மண்டபம் ஒரு மணி நேரத்துக்கு. கிரியை, தேவாரம், பிறகு சங்கத்துக்கு ஓர் ஆளாக இரங்கலுரை. கடைசியில் நான். இரண்டே வார்த்தை என்றுதான் எழும்பினேன். அழுதுகொண்டே பேசினேன். உன்னை மலையாக்கினேன், கடலாக்கினேன். சனம் விம்மியது. அது விம்ம விம்ம எனக்கு இன்னும் வந்தது. நிறுத்தியபோது அடுத்த செத்தவீட்டுக் கார்கள் வாசலில் நின்றன. உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் இருவரும் வாத்தியங்களை மூடினார்கள்.

அன்று மாலை உன் மனைவி போன் எடுத்தாள்.

“அண்ணை, போனில பாத்தனான். நல்லாக் கதைச்சனீங்கள்.”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“அவர் வாசிச்சது எப்பிடி இருந்தது?”

“றெக்கோட்டை அனுப்பிவிடுறன், பிள்ளை.”

“எனக்கு இப்ப கேக்கேலாது அண்ணை. நீங்கள் பக்கத்தில இருந்து கேட்டனீங்கள்தானே. சொல்லுங்கோ.”

வாழ்நாளில் முதல் தடவை எனக்கு ஒரு உவமையும் வரவில்லை. அந்தக் கடைசித் துண்டை முடியும்வரை நான் ஒருநாளும் கேட்டதில்லை, நண்பா. “பிறகு சொல்லுறன்,” என்றேன். அவள் இன்னும் காத்திருக்கிறாள்.

அதற்காகத் தினமும் அதைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். தாதியின் அடி விழுகிறது, சாக்சபோன் கிழிகிறது, உன் பேஸ் நிலத்துக்குக் கீழே போகிறது. பிறகு எல்லாம் நின்று அந்த வெளி வருகிறது. அங்கே என்னால் இருக்க முடியவில்லை. எழும்பித் தேத்தண்ணி போடுகிறேன், என் மனைவியைக் கூப்பிடுகிறேன், யாருக்காவது போன் அடிக்கிறேன். இன்றும் போட்டேன். ஒன்பதாவது நிமிடத்தில் பேனையை எடுத்து உனக்கு இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். தட்டு எப்போது முடிந்ததென்று தெரியவில்லை.