உதவினாள் என்று ஒரு கடிதம்

செவ்வாய், இரவு

இவ்வளவு சின்ன விஷயத்தையா எழுதுவது என்று கூச்சமாக இருக்கிறது. இந்தத் தாள் பொறுத்துக்கொள்ளட்டும்.

கனடாவில் படித்தபோது பேராசிரியருக்குச் சம்பளத்துக்கு உதவியாளராக இருந்த காலத்தை வேலை அனுபவமாகச் சேர்த்தால்தான் அங்கே குடியேற விண்ணப்பிக்க முடியும். இங்கே தம்பானூரில் விசா வேலை பார்க்கும் ஏஜென்ட், பேராசிரியர் தந்த கடிதத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வகுப்பில உதவினாள்னுதானே இருக்கு மோளே? சம்பளத்துக்கு வேலை பார்த்தாள்னு வேணும். இல்லேன்னா கணக்கில வராது."

சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் அப்பா சிரித்தார். "உக்காந்து பேப்பர் திருத்தினதும் வேலைதானாம்! கேட்டு வாங்கும்மா."

கேட்பதுதான் எனக்கு வராது. பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்து, நலம் விசாரித்தேன், பனி குறைந்ததா என்றேன், நன்றி சொன்னேன். அதற்குப் பிறகுதான் அந்த வரி வந்தது: ஐயா, நான் செய்தது சம்பள வேலை என்று தயவுசெய்து எழுதித் தாருங்கள்.