மலைமேல் பெயர் சொல்லிக் கூப்பிட்டது

மார்ச் 4

மழை. மலையடிவாரத்தில், குண்டசாங் சாலையோரம் நாள் முழுக்கக் கடை விரித்தும் முட்டைக்கோஸ் அப்படியே இருக்கிறது. வானொலிக்காரர்கள் மறுபடி போன் செய்தார்கள். மே மாத அறுவடைத் திருவிழாவுக்கு, கினபாலு மலையில் சுமை தூக்கிய பெண்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியாம். அம்மாவைப் பற்றி நானே எழுதி, நானே வாசிக்க வேண்டுமாம். சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

மார்ச் 9

"என் அம்மா துமியா ஒரு வீரப் பெண்மணி." த்தூ! பேச்சுப்போட்டி மாதிரி இருக்கிறது. கிழித்துப் போட்டேன்.

காஸ் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு மேல் விடுதிவரை ஏறி இறங்கியே எங்களை வளர்த்தவள் அவள். நான்? போன வருஷம் விடுதியைத் தாண்டி, கயிறு கட்டிய வழுக்குப் பாறையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். அழுதுகொண்டே பின்பக்கத்தால் சறுக்கி இறங்கினேன். வழிகாட்டிப் பயல்கள் அந்த இடத்துக்கு "அக்காவோட சோபா" என்று பெயரே வைத்துவிட்டார்கள். மலைக்கு நடுங்குகிறவள் மலையேறியவளைப் பற்றி என்ன எழுதிக் கிழிக்கப் போகிறேன்?

மார்ச் 15

தங்கை ஜொவீனா வந்தாள். அவளும் வழிகாட்டிதான். புளித்த பம்பாங்கான் மாங்காயோடு சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "எழுத வரலேன்னா பேனாவ மொறச்சிக்கிட்டு உக்காராத. மேல வா. துமியாவும் கேட்டுக்கிட்டே இருக்கா."

துமியா என் மகள். அம்மா இறந்த மறுவருஷம் பிறந்தாள், அம்மாவின் பெயரையே வைத்தோம்.

"சித்தி, அம்மா சோபாவுல உக்காந்துட்டா?" என்று அவள் கேட்டாள்.

"தலகாணி கொண்டு போவோம்டி."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் சரி என்றேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 28, மேல் விடுதி

வந்து சேர்ந்தோம். சூப் சூடாக இருக்கிறது.

ஜொவீனா மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "நாளைக்கி யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. செத்தவங்க குடியிருக்கிற எடம். அதே பேர்ல ஒருத்தங்க இருந்தா, தன்னத்தான் கூப்பிடறாங்கன்னு எழுந்து வந்துருவாங்க. என்ன வேணும்னாலும் 'ஊ'ன்னு ஒரு சத்தம் குடு, போதும்." சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததுதான். எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பாள்.

மார்ச் 29

எழுதிவிட வேண்டும். ஆறினால் நானே நம்ப மாட்டேன்.

வெளிச்சம் வந்தபிறகு, எல்லோருக்கும் கடைசியாகக் கிளம்பினோம். அதே பாறை. அதே கயிறு. ஜொவீனாவும் துமியாவும் கொஞ்சம் முன்னால். திடீரென்று மூடுபனி இறங்கியது. என் கையே எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன், அதே இடத்தில்தான்! பிள்ளை எங்கே? விளிம்பு எந்தப் பக்கம்? 'ஊ' என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். அதெல்லாம் எனக்கு நினைவிலேயே இல்லை.

"துமியா!" என்று கத்திவிட்டேன். "ஏய் துமியா!"

வாயிலிருந்து வந்தபிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. ஐயோ.

மேலேயிருந்து பதில் வந்தது. "ஓ..." அவ்வளவுதான். அடுப்பில் கைவேலையாக இருக்கிறவள் திரும்பிப் பார்க்காமலே சொல்வாளே, அப்படி. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று எழுந்தேன். கயிற்றைப் பிடித்துச் சத்தம் வந்த பக்கமே ஏறினேன். பயம் போகவில்லை, கூடவே வந்தது. ஆனாலும் கால் ஏறியது.

பனி விலகியபோது இருவரும் பாறையில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஜொவீனாவின் கை இன்னும் துமியாவின் வாயைப் பொத்தியபடி.

"பதில் சொல்லிடுவாளோன்னு பொத்திட்டேன்க்கா. அறிவில்ல உனக்கு? பேர் சொல்லியா கூப்பிடுவாங்க?"

"அப்போ 'ஓ'ன்னது யாரு?"

ஜொவீனா மேலே திரும்பிப் பார்த்தாள். துமியா மெதுவாகச் சொன்னாள், "எனக்கும் கேட்டுச்சும்மா. எங்களுக்கும் மேலேந்துதான் வந்துச்சு."

எங்களுக்கு மேலே யாரும் இல்லை. இருட்டிலேயே ஏறிப் போனவர்கள் எல்லோரும் எங்களைக் கடந்து இறங்கிவிட்டார்கள். கொஞ்ச நேரம் மூவரும் கையைக் கோத்துக்கொண்டு இருந்தோம். பிறகு ஏறினோம்.

உச்சியில் நின்றபோது மேற்கே கடல் தெரிந்தது. மலையின் நிழல் கீழே மேகத்தின் மேல் நீலமாக, கூராக விழுந்து கிடந்தது. இவ்வளவு பெரியதின் காலடியில் உட்கார்ந்துதானா இத்தனை வருஷம் முட்டைக்கோஸ் விற்றேன்? ஜொவீனா என் தோளில் சாய்ந்து சொன்னாள்: "அம்மா இத பாத்ததே இல்லக்கா. சொமைய விடுதியில எறக்கினதும் திரும்பிடணும். மேல வர அவங்களுக்கு ஒருநாளும் நேரம் கெடைக்கல."

அப்போதுதான் அழுதேன். அது என்ன அழுகை என்று தெரியவில்லை. சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 31

கால் வலியில் வீட்டுப் படி இறங்க முடியவில்லை. பின்பக்கமாக இறங்குகிறேன். கணவருக்கு ஒரே கொண்டாட்டம்.

ஏப்ரல் 3

ஒரே மூச்சில் எழுதினேன். "என் அம்மா உச்சியைப் பார்க்காமலே மலையைச் சுமந்தவள்." கிழிக்கத் தோன்றவில்லை. அந்தக் குரலைப் பற்றி எழுதவில்லை. அது வானொலிக்கு இல்லை.

மே 30

ஒலிபரப்பானது. கடை வரிசை முழுக்க ரேடியோ. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. வாங்க வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

முடிந்ததும் அன்னாசி விற்கும் மோலின் அக்கா வந்தார். அம்மாவோடு சுமை தூக்கியவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் விடுதிக்கு மேல போனதில்லடி. நெசமாவே கடல் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுதுக்கா. வாங்க, போவோம். நான் கூட்டிட்டுப் போறேன்."

அக்கா செருப்பைக் கழற்றித் தன் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னும் தாங்குமாடி?"

"தாங்கும். நான் பயந்தாங்கொள்ளி. என்னோட வேகத்துக்கு வந்தா போதும்."