வேகாத மீனில் உப்புப் பார்த்தவள்

அன்புள்ள புன்ஹோமுக்கு,

வியந்தியானில் கட்டட வேலையும் உங்கள் உடம்பும் எப்படி இருக்கின்றன? இங்கே அத்தை நலம். மேக்கோங்கில் தண்ணீர் வடிந்துவிட்டது, வலை நிறைய மீன் விழுகிறது. நான்தான் வெளியே தலைகாட்டாமல் கிடக்கிறேன்.

சுகாதாரத் தொண்டர் என்று சட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேனே, தெரியுமல்லவா? பச்சை மீனைக் கொத்திப் பிசையும் லாப்பில் எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் ஈரல் புழு சாகாது, வேகவைத்துத் தின்னுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். போன வாரம் ஆஸ்பத்திரிக்காரர்கள் மலம் சோதிக்க வந்தார்கள். எல்லாரும் கூச்சப்பட்டதால் முதல் டப்பாவை நானே கொடுத்தேன். கோயில் மண்டபத்தில் புழு மாத்திரை வாங்க முதலில் கூப்பிட்டதும் என் பெயரைத்தான்.

மண்டபமே சிரித்தது. பக்கத்து வீட்டு மாலய், "ஊருக்குத்தாண்டி உபதேசம், உனக்கு இல்ல போல!" என்றாள். "டீச்சரம்மா, உங்க புழு மட்டும் வெந்த மீனா திங்குது?" என்று ஒரு கிழவர் கேட்டார். வெட்கத்தில் உயிரே போய்விட்டது.

பச்சையாகத் தின்றதே இல்லை என்று நர்ஸிடம் அழுதேன். அவர் மெதுவாக, "சரிம்மா, உப்பு எப்பப் பாப்பே?" என்றார். கொத்திய மீனில் வறுத்த அரிசிப் பொடி போட்டுப் பிசைந்ததும், அடுப்பில் ஏற்றுமுன் விரலில் தொட்டு நாக்கில் வைப்பதுதானே நம் பெண்களின் வழக்கம்? அதைத் தின்பதாக நான் நினைத்ததே இல்லை. அதே விரலால் நம் மகள் கேசோனியின் வாயிலும் வைத்து, "உப்பு சரியாடி?" என்று கேட்டிருக்கிறேன். அவளுக்கும் புழு இருக்கிறது. ஊர் சிரித்ததைவிட இதுதான் என்னை அறுக்கிறது. இருவரும் மாத்திரை விழுங்கிவிட்டோம். சரியாகிவிடும் என்றார்கள்.

வலப்பக்கம் வலிக்கிறது, மூட்டை தூக்கியதால்தான் என்று போனில் சொன்னீர்கள். என் விரலில் உப்புப் பார்த்தவர்களில் நீங்களும் உண்டு. மாமாவும் மூட்டையைத்தான் குறை சொன்னார். கண் மஞ்சளான பிறகுதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்; அதற்குள் ஈரல் கெட்டுக் கைமீறிவிட்டது.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், நாளைக்கே போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். டப்பாவை நீட்டக் கூச்சமாக இருந்தால், ஊர் சிரிக்க நின்ற என்னை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தர் உங்களைக் காக்கட்டும். நீங்கள் வந்ததும் மீன் சமைக்கிறேன். உப்பு நீங்களே பாருங்கள், வெந்த பிறகு.

உங்கள்,
புவாலய்