எந்த எண்ணில் அழைப்பாய்?

அன்பு மகன் நாசருக்கு,

தென்காசியிலிருந்து வாப்பா எழுதுவது. உன்மீது இறைவனின் அமைதியும் அருளும் பொழிவதாக. இங்கு நானும் உன் உம்மாவும் தங்கை ஆஷிகாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். மன அமைதிதான் இல்லை. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது, அதை நின்று பார்க்கவும் வீட்டிலுள்ள இந்த ஒரே அலைபேசி விடுவதில்லை. குத்துக்கல்வலசையில் மனை வாங்கு என்கிறான் ஒருவன், கடன் தருகிறேன் என்கிறாள் ஒருத்தி. கேளாத கடனை என் தலையில் கட்ட இவர்களுக்கு உரிமை அளித்தவர் யார்? விற்பனை அழைப்பு வேண்டாமென்று முறைப்படி பதிவு செய்தும் பயனில்லை. நேற்று ஒரு குரலை மறித்து, மேடையில் முழங்குவதுபோல், அழையாத வீட்டுக்குள் நுழைவது அறமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆஷிகா வந்து, "வாப்பா, அது ரெக்கார்டு. அதுட்டப் போயி நியாயம் கேக்குதியளே" என்றாள்.

எடுக்காமல் விடலாம்தான். ஆனால் அங்கே வளைகுடாவில் உன் அலைபேசி பழுதானதிலிருந்து நீ ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நண்பனின் எண்ணிலிருந்து அழைக்கிறாய். சென்ற வாரம் சினம் தாளாமல் அறியாத எண்கள் அனைத்தையும் தடுத்துவைத்தேன். ஆஷிகாவின் நிக்காஹுக்கு விடுமுறை கிடைத்ததா என்று சொல்ல அன்றுதான் நீ அழைத்திருக்கிறாய். இணைப்புக் கிடைக்காமல், கடையத்தில் உன் நண்பன் பரீதின் வீட்டுக்குப் பேசி, விவரத்தை உம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாயாம். செய்தி தெரிந்ததும் உன் உம்மா தடையை நீக்கச் செய்து, "நீங்க மேடையில பேசுங்க, போனை நான் பாத்துக்கிடுதேன்" என்று அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். அதன்பின் என்னோடு பேச்சில்லை. உண்ணும்போதும் பாதியில் எழுந்து ஓடுகிறாள், சலாம் சொல்லி, "நாசரா?" என்று கேட்கிறாள்; மறுமுனையில் எவனோ காப்பீடு விற்கிறான். ஒவ்வொரு முறையும் அவள் முகம் வாடுவதைக் காணும்போது எனக்குக் குருதி கொதிக்கிறது.

வடகரை மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க நெருக்குகிறார்கள். மச்சான் வராவிட்டால் என்ன, முடித்துவிடலாமே என்று கேட்டனுப்பினர். ஆஷிகாவோ, "அண்ணன் வராம எனக்கு எதுவும் வேண்டாம்" என்று அறைக்குள் போய்விட்டாள். நானும் அவள் பக்கமே. உன் சொல் வராமல் நாள் குறிப்பதில்லை. அவர்கள் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும்.

இக்கடிதத்தைப் பரீதின் தம்பி தம்மாமுக்குக் கொண்டுவருகிறான். படித்த கையோடு உம்மாவை அழை. வெயிலில் தலையை மூடிக்கொள், வேளைக்கு உண். இறைவன் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காப்பானாக. மறவாதே, புது அலைபேசியோடு உனக்கென்று ஓர் எண் வாங்கு. அந்த ஒன்றுக்கு மட்டும் வழிவிட்டு, மற்ற அனைத்தையும் அடைத்துவிடுகிறேன்.

என்றும் உன் நலம் நாடும் வாப்பா,
முகம்மது ரபீக்