சீனிச்சாமியின் இரண்டு குரல்

உத்தமபாளையம்

அண்ணன் பெற்று நான் வளர்த்த அருமை மகள் நாகஜோதிக்கு,

கம்பம் பள்ளத்தாக்கின் ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தியான உன் சித்தப்பா, மூட்டுவலி ஒன்று நீங்கலாகச் சகல சீரோடும் இருக்கிறேன். உன் சித்தி முனீஸ்வரியும் சுகம், என்னைத் திட்டுகிற சத்தம் மேகமலையில் முட்டித் திரும்பி வருகிறது. அந்தக் கனடாப் பனியில் நீயும் சுகமாக இருக்க முத்தாலம்மன் துணை.

இங்கே தேர்தல். நம் மைக் செட்டுக்கு இந்திரலோகத்திலிருந்துகூட ஆள் வரும் போலிருக்கிறது, அவ்வளவு கிராக்கி. இப்போது வேட்பாளர் சீனிச்சாமியின் ஜீப்பில் ஓடுகிறேன். வாய்க்கால் தலைப்பில் உள்ள ஊருக்கு, "ஒங்க வயலு நெறையாம ஒரு சொட்டுக் கீழ போகாது" என்று ஒரு பேச்சு. கடைமடை ஊருக்கு, "மொதத் தண்ணி ஒங்களுக்குத்தான்" என்று இன்னொரு பேச்சு. இரண்டையும் பதிந்து வைத்து, அவர் வந்து இறங்குமுன் அந்தந்த ஊரில் ஓடவிடுவது என் உத்தியோகம். நேற்று கண்ணாடி போடாத அவசரத்தில் பென் டிரைவை மாற்றிச் செருகிவிட்டேன். கடைமடை ஊரின் நட்டநடுவில், குழாய் ஸ்பீக்கர்கள் அதிர, "ஒரு சொட்டுக் கீழ போகாது!" திராட்சைப் பந்தலில் இருந்த குருவியெல்லாம் கேரளாவுக்கே குடிபோய்விட்டது. ஆரத்தித் தட்டோடு நின்ற மொக்கம்மாள் தட்டை இறக்கிவிட்டு, "எய்யா, அப்ப எங்களுக்கு?" என்றாள். அந்நேரம் வந்து இறங்கிய சீனிச்சாமி கண் இமைக்கவில்லை. "அது எங் கொரலே இல்ல ஆத்தா, எதிர்க்கட்சிக்காரவுக கம்ப்யூட்டர்ல என்னையப் போலப் பேச வச்சிருக்காக" என்று கும்பிட்டார். "சரி, இப்பப் பேசுறது யாரு?" என்று கேட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே ஆரத்தியும் எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி நான் சிரித்த சிரிப்பில் ஓடு பறந்திருக்கும். அப்போதுதான் பூத் சிலிப் கொடுக்க ரீட்டா டீச்சர் வந்தார். உன் சிலிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "நாகஜோதி வருவாளா, ஒரேயடியாப் போயிட்டாளா? நான் லிஸ்ட்டுல எழுதணும்ண்ணே" என்றார். "அதென்ன கேள்வி? எம் மக பிளேனை வாசல்லயே வந்து எறக்குவா" என்று முழங்கினேன். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப போன வாரம் போன்ல, 'லீவ வீணாக்காத, அங்கனயே இரு'ன்னு அவகிட்டச் சொன்னது யாரு? அதுவும் கம்ப்யூட்டரா?" என்றாள். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுத்த நான், மைக் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டேன் மகளே. டீச்சர், "கேட்டுச் சொல்லுங்க" என்று சிலிப்பை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சீனிச்சாமி ஓட்டுக்காக மாற்றிப் பேசுகிறார். நீ கலங்கக் கூடாதென்று நான் மாற்றிப் பேசுகிறேன். நீயோ சித்தியிடம் பொங்கலுக்கு வருகிறேன் என்கிறாய், என்னிடம் லீவு இல்லை என்கிறாய். மூன்று பேரும் ஒரே ஜீப்தான். அவரையாவது அடுத்த தேர்தலில் கேட்டுவிடலாம். வாசலில் வண்டி நின்றால் உன் சித்தி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருகிறாளே, அவள் யாரைப் போய்க் கேட்பாள்?

ஈரத்தலையோடு வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. எங்கள் ஆயுசில் பாதியும் உனக்கே சேரட்டும். உன் சிலிப் ஆம்ப்ளிஃபயர் மேல் இருக்கிறது. ஓட்டுக்கு வர முடியாதென்று தெரியும், திராட்சை வெட்டுக்காவது வா. ஒன்றை மறந்துவிடாதே, போனில் நான் மறுபடியும் "அங்கனயே இரு" என்றால் அது கம்ப்யூட்டர் குரல். என் குரல் இதுதான்: வந்துரு ஆத்தா.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
சித்தப்பா முத்துராமலிங்கம்