ஓடக்காரியைப் படத்தில் காணோம்

பிரியமுள்ள மதினிக்கு, உங்கள் செல்லம் எழுதிக்கொள்வது.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தபாலில் போட வழியில்லாத கடிதம் என்பதால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நாலு பேர் படிப்பார்கள், படிக்கட்டும். நான் அடித்த கூத்து மதுரையில் பாதிப் பேருக்குத் தெரிந்ததுதான்.

முதலில் வீட்டுச் சேதி. அண்ணன் சௌக்கியம். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் தானே சமைக்கிறார். ரசம் என்று அவர் வைப்பதை நீங்கள் பார்த்தால் அப்படியே சாக்கடையில் ஊற்றிவிடுவீர்கள். யுத்தம் இன்னும் முடியவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறோம். திருவாதவூரில் இந்த வருஷம் எங்கள் வயல் கைவிடவில்லை. இவருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரு குறையும் இல்லை.

பெரிய சேதி இதுதான்: நம் 'முகில்வனத்து ராணி' பேசும் படமாக வந்துவிட்டது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டிய அதே கதைதான். ஏழு பாகம். தலைப் பிரசவத்துக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டது. அழுதால் சன்னி கண்டுவிடும் என்று அம்மா என்னை அழ விடவில்லை. "பச்சை உடம்புக்காரி எழுத்தைப் பாத்தா கண்ணு போயிரும்" என்று புத்தகம் தொடவும் விடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அண்ணன் வாசகசாலையிலிருந்து முதல் பாகத்தைக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்து, "இவளுக்கு எதையாவது வாசிச்சுக் காட்டு" என்றார். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நீங்கள் கால் நீட்டி உட்கார்ந்து வாசிப்பீர்கள். நான் கண்ணை மூடிக் கேட்பேன்.

மூன்றாம் பாகம் முடியும்போது ராணி நிறைமாசமாகக் காட்டுக்குள் தனியாக நிற்கிறாள். நாலாம் பாகம் வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் நீங்கள் வாசிக்கவில்லை. அடுப்பில் வேலை என்றீர்கள், தலைவலி என்றீர்கள். மூன்றாம் நாள் வாசித்தீர்கள். ராணி காட்டிலேயே பிள்ளை பெற்று, அதை எடுத்துக்கொண்டு கரை தெரியாத ஆற்றின் முன்னால் வந்து நின்றாள். ஒரு ஓடக்காரி வந்தாள்.

"ராணியம்மா, எம்புட்டு நேரமா நிக்கிறீக? ஏறுங்க. பிள்ளைய முதல்ல இங்கிட்டுக் குடுங்க."

ஓடத்திலேயே அவள் ராணிக்குப் பூண்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். "நல்லா அழுதுருங்க, ஆத்துக்குள்ள யாரு கேக்கப் போறா?" என்றாள். அன்றைக்கு நானும் அழுதேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நீங்கள் கையைக் காட்டி அவளைப் போகச் சொன்னீர்கள். அக்கரையில் இறங்கும்போது ஓடக்காரி, "நீங்க போற வழி பிள்ளைக்கு ஆகாது. எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. நான் வளக்குறேன்" என்றாள். ராணி கொடுத்துவிட்டு நடந்தாள்.

கதை முடிந்த பிறகு உங்களிடம் கேட்டேன்: "ஏழாம் பாகமும் முடிஞ்சு போச்சு. அந்தப் பிள்ளை திரும்பி வரவே இல்லையே மதினி?"

"அது அங்கிட்டுச் சொகமா இருக்குடி. எதுக்கு அதைப் போட்டு இழுக்கணும்?" என்றீர்கள்.

ஒன்பது வருஷமாக அந்தப் பிள்ளை எனக்கு அங்கே சுகமாகத்தான் இருந்தது.

படம் பார்க்கப் பகல் காட்சிக்குப் போனோம். அண்ணனும் இவரும் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். பிலிம் தட்டுப்பாட்டால் நீளமாக எடுக்கக் கூடாதாம். ஏழு பாகத்தை இரண்டே கால் மணியில் அடக்கியிருந்தார்கள். ராணி கடக்கிற ஏழு வாசலில் நாலைக் காணோம். பேசும் குதிரைக்குப் பதிலாக ஒரு விகடக்காரர் வந்து குட்டிக்கரணம் போட்டார். புத்தகத்தில் அந்த மந்திரவாதி முகத்தையே காட்டமாட்டான், இருமல்தான் கேட்கும். நாம் அவனுக்கு நாளுக்கொரு முகம் வைத்துப் பயந்தோம், ஞாபகம் இருக்கிறதா? படத்தில் ஒட்டு மீசையோடு வந்து இடுப்பில் கைவைத்துச் சிரிக்கிறான். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஓடக்காரி வருவாள் என்று காத்திருந்தேன்.

அவள் வரவில்லை. ராணியின் குழந்தை காட்டிலேயே செத்துப்போனது. ராணி அதை மடியில் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

"பொய்! கதையில இது கிடையாது!" என்று எழுந்து கத்திவிட்டேன் மதினி. கொட்டகை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த அம்மாள் என் சேலையைப் பிடித்து இழுத்து, "உக்காரு தாயி, பாட்டு கேக்கணும்ல" என்றாள்.

வெளியே வந்தும் நான் விடவில்லை. "படம் எடுக்கிறவனுக்குக் கூட்டம் அழணும். அதுக்காக நல்லா இருக்கிற பிள்ளையைச் சாகடிக்கிறதா?" என்று தெருவில் நின்று சண்டை போட்டேன். யாரோடு என்று கேட்காதீர்கள். கிடைத்தவர்களோடெல்லாம். அண்ணன் தலையைச் சொறிந்தார். இவர், "கதைதானே, விடு" என்றார். மறுநாளே படக் கம்பெனிக்கு நாலு பக்கம் எழுதிப் போட்டேன். ஓடக்காரி பேசிய பேச்சையெல்லாம் எழுதி, இவ்வளவு நல்ல மனுஷியை எதற்காக வெட்டினீர்கள் என்று கேட்டிருந்தேன்.

அடுத்த வாரம் அண்ணன் நாலாம் பாகத்தை வாசகசாலையிலிருந்து எடுத்துக்கொண்டு திருவாதவூருக்கே வந்துவிட்டார். "நீயே பாரு" என்று கொடுத்தார். நாலாம் பாகத்தை என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதில் ஆறு இல்லை. ஓடம் இல்லை. குழந்தை கண் திறக்கவில்லை, ராணி கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினாள், விடிந்ததும் நடந்தாள். மொத்தம் நாலே வரி. அந்த நாலு வரியைத்தான் படத்தில் ஒரு முழுப் பாட்டாக இழுத்திருக்கிறார்கள். ஆனால் சாவு அவர்கள் இட்டுக்கட்டியது இல்லை. இட்டுக்கட்டியது நீங்கள்.

எனக்கு எப்படித் தெரியாமல் போனது? ராஜாவும் மந்திரியும் ராட்சசனும்கூட இலக்கணமாகப் பேசுகிற புத்தகத்தில் ஓடக்காரி மட்டும் பரவைச் சந்தையில் காய்கறி விற்கிறவளைப் போலப் பேசினாள். ராணிக்கு அவள் போட்ட பூண்டுக் குழம்பு அன்றைக்கு நீங்கள் எனக்குப் போட்ட குழம்பு. பக்கத்தைத் திருப்பும் சத்தம்கூடச் சரியான இடத்தில் கேட்டதே மதினி! அந்த நாலு வரியைக் கண் முன்னால் வைத்துக்கொண்டா இதையெல்லாம் சொன்னீர்கள்? அந்த இரண்டு நாளும் தனியாக எத்தனை முறை வாசித்தீர்கள்?

முதலில் கோபம்தான் வந்தது. ஒன்பது வருஷம் ஏமாந்திருக்கிறேனே என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுபடி திறந்து அந்த நாலு வரியையும் சத்தமாக வாசித்தேன். வாசிக்க முடிந்தது. இப்போது என்னால் முடிகிறது. அப்போது வாசித்திருந்தால் நான் எழுந்திருக்கவே மாட்டேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. படக்காரர் கொட்டகை நிறைய ஆளுக்காகக் கதையை மாற்றினார். நீங்கள் பாயில் கிடந்த ஒருத்திக்காக மாற்றினீர்கள். எனக்கு உங்கள் கதைதான் பிடித்திருக்கிறது.

போன வாரம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வசனம் எழுதியவரே எழுதியிருக்கிறார். அம்மணி, ஏழு பாகத்தையும் மறுபடி தேடிப் பார்த்தேன், ஓடக்காரி எங்கும் இல்லை, இருந்திருந்தால் அவளை விட்டிருக்கவே மாட்டேன் என்று. அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன். நீங்கள் இருக்கும்போது வந்திருக்க வேண்டிய கார்டு.

உங்கள் ஓடக்காரி கதையை யாரும் அச்சடிக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதனால் எழுதி வைக்கப் போகிறேன். அவள் பேச்சு உங்கள் பேச்சாகவே இருக்கும். மறந்துபோன இடத்தில் என் சரக்கைச் சேர்க்க மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் சேர்ப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஓடக்காரி வளர்க்கிற பிள்ளைக்கு நீங்கள் பெயர் வைக்கவில்லை. என் பிள்ளைக்கு என்று மனதுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன். இவரிடம்கூடச் சொன்னதில்லை. அதை வைக்கிறேன்.

எழுதி முடித்ததும் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்து, உங்களுக்குச் சத்தமாக வாசிப்பேன் மதினி. ஒரு வரிகூட விடாமல் வாசிப்பேன்.

உங்கள் நாத்தனார்,
அந்தப் பிள்ளையின் அம்மா,
செல்லம்